குரல் கேட்ட வீடு

இல்லக்கா, தூங்கலை. படிக்கிறேன். குளச்சல்ல ஏறினதிலேருந்து ஒரே பக்கத்தையே விரிச்சு வச்சிருக்கேன்னு பார்க்கிறீங்க, அதானே? இந்தப் பக்கத்தைத் தாண்டப் பயமா இருக்கு. அதான்.

பேய்க்கதையெல்லாம் இல்லை. சொன்னா நம்ப மாட்டீங்க, சிரிப்புக்கதை. பேர் ‘குறளிச் சந்தை’. அட்டை போயிடுச்சு, நான் சொன்னாத்தான் தெரியும். எட்டாம் வகுப்புல ஸ்கூல் லைப்ரரியில எடுத்தது. இப்போ பிளஸ் டூ. இன்னும் திருப்பிக் கொடுக்கலை. எனக்கா முழுசாப் படிக்கிறது இது ஒன்பதாவது தடவை. எட்டுத் தடவை வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஒன்பதாவது தடவை இந்தப் பக்கத்துலயே நின்னுட்டேன், பாருங்க.

கண்டக்டர் இப்போ ‘ஏறி உள்ள போங்க, உள்ள மைதானம் மாதிரி கெடக்கு’ன்னாரே, அது அவரேதான். போன வாரமா இருந்தா நானா இருந்திருப்பேன். ரெண்டு ஸ்டாப் கேட்டாப் போதும், யார் குரலும் எனக்கு வந்துடும். எங்க தலைமை ஆசிரியை சிஸ்டர் குரல்ல ஒரு நாள் மைக்ல பேசி, ஒன்பதாம் வகுப்பு முழுக்க வெயில்ல வரிசையா நின்னுது. எங்க மாதா கோயில் உபதேசியார் ததேயு இருக்காரே, பங்குச்சாமியாருக்கு உதவியா இருக்கிறவர், மூக்கால பேசுவார், அவர் குரல்ல கோயில் மைக்கைப் போட்டு, “அன்பார்ந்த இறைமக்களே, இன்று பாவசங்கீர்த்தனம் கிடையாது, எல்லாரும் நல்லவர்களாகிவிட்டீர்கள்” அப்படின்னேன். சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்ல வந்த நாலு பெண்டுகள் நிஜமாவே வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டாங்க. உபதேசியார் என்னைக் கடற்கரை வரைக்கும் துரத்தினார். சிரிக்கிறீங்க பார்த்தீங்களா? எல்லாரும் சிரிப்பாங்க. அதுதான் என் பிரச்சினையே.

என் பேர் டெல்பின். அப்பா பேர் மிக்கேல் தாசன். அவர் போட்டைத் தேடித்தான் போறேன். கடலுக்கு இல்லை, நாகர்கோவிலுக்கு. மீன்துறை ஆபீசுக்கு.

முதல்ல இந்தக் கதையைச் சொல்லிடறேன். அப்போத்தான் மத்தது புரியும்.

இதுல ஏழு குறளிச்சாமிங்க. கோயில் கிடையாது, திருவிழா கிடையாது. யாராவது அவங்களைப் பத்திக் கதை சொன்னாத்தான் அவங்களுக்கு உயிர். சொல்றது நின்னா ஆளே மறைஞ்சுடுவாங்க. அதனால சந்தையில உட்கார்ந்து வர்றவன் போறவனையெல்லாம் ஏமாத்திக்கிட்டே இருப்பாங்க. ஏமாந்தவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லுவானே, அதுதான் அவங்களுக்குச் சாப்பாடு. அதுல கடைக்குட்டி பேர் குரலாண்டி. தோள்ல ஒரு பை. யார் குரலைக் கேட்டாலும் இரவல் வாங்கிப் பைக்குள்ள போட்டுக்குவான். ஏழாவது அத்தியாயத்துல ராஜா குரலை எடுத்துக்கிட்டு அரண்மனை மடப்பள்ளிக்குப் போய், “இன்றைக்கு ஊருக்கெல்லாம் பாயசம்” அப்படின்னு உத்தரவு போடுவான். அண்டா அண்டாவாக் காய்ச்சுவாங்க. ஊரே குடிச்சு மயங்கிக் கிடக்கும். ராஜா மேல்மாடியில நின்னு வாயைத் திறந்து திறந்து மூடுவார், சத்தம் வராது.

அந்த ராஜாவை நான் அப்பாவுக்கு நடிச்சுக் காட்டுவேன். வலையிலேருந்து கொட்டின சாளை மீன் வாயைப் பொளக்குமே, அப்படி. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார்.

அப்பாவுக்குப் படிக்க வராது. பத்துப் பன்னிரண்டு நாள் கடல்ல கிடந்துட்டு வருவார். வந்த அன்னிக்கு மத்தியானம் குளிச்சு, சாப்பிட்டு, பாயை விரிச்சுப் படுத்துக்கிட்டு, “அந்தக் கள்ளச்சாமி கதையை வாசி மக்ளே” அப்படிம்பார். எங்க விட்டேன்னு கேட்டா அவருக்குத் தெரியாது. “முதல்லேருந்து வாசி.” நாலு வருஷமா முதல்லேருந்துதான். ஏழு சாமிக்கும் ஏழு குரல் போடுவேன். பாயசம் வரைக்கும் முழிச்சிருப்பார். ஊர் மயங்கிக் கிடக்கிற இடத்துல அவரும் மயங்கிடுவார். குறட்டை வந்துடும். ஒரு தடவைகூட அதுக்கு மேல போனதில்லை.

போன திங்கட்கிழமை காத்து வந்தது. உங்களுக்கு இங்க மழை மட்டும்தான் தெரிஞ்சிருக்கும். எங்களுக்குப் பதினொரு போட்டு வெளியில இருந்தது. செவ்வாய் சாயங்காலத்துக்குள்ள ஆறு வந்து சேர்ந்தது. மீதி அஞ்சு போட்டோட பேரையும் எழுதிக் கோயில் வாசல் போர்டுல ஒட்டினாங்க. அதே லிஸ்ட்தான் மீன்துறைக்கும் போகும், தேடுற கப்பலுக்கும் போகும்.

எங்க ஊர்ல அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. கடல்ல போனவன் போன்லயோ, வேற போட்டோட வயர்லெஸ்லயோ வீட்டுல பேசிட்டான்னா, அந்த வீட்டுக்காரி நேராக் கோயிலுக்கு வந்து, “குரல் கேட்டாச்சு” அப்படின்னு சொல்லணும். உடனே உபதேசியார் போர்டுல அந்தப் போட்டு பேர் மேல ஒரு கோடு போடுவார். வேற சாட்சி கேட்க மாட்டாங்க. பெண்டாட்டிக்குப் புருஷன் குரல் தெரியாதா? அப்புறம் அந்த வீட்டுக்குப் பேரே குரல் கேட்ட வீடுதான். பக்கத்துல இருக்கறவங்க மூச்சு விட்டுட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பாங்க. தேடுறவங்க மத்தவங்களைத் தேடப் போவாங்க.

புதன்கிழமை ரெண்டு கோடு விழுந்தது. எங்க போட்டு பேர் ‘விடிவெள்ளி’. அப்பாவோட சேர்த்து நாலு பேர். அதுமேல கோடு விழலை.

அம்மா சாப்பிடலை. திங்கள் ராத்திரி ஒரு வாய் கஞ்சி, அதோட சரி. தண்ணி கொடுத்தா வாயில வச்சுட்டு, முழுங்க மறந்துட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாங்க. வியாழக்கிழமை மத்தியானம் எழுந்திரிக்கும்போது சுவரைப் பிடிச்சாங்க, கை வழுக்கி உட்கார்ந்துட்டாங்க. அம்மா பேர் புஷ்பலீலா. அப்பா ‘லீலா’ன்னுதான் கூப்பிடுவார். கூப்பிடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தொண்டையைச் செருமுவார். அப்பா குரல் தடிச்ச குரல் இல்லைக்கா. மெலிசு. உப்புக்காத்து கீறி வச்ச மாதிரி இருக்கும். அதனாலதான் எனக்கு நல்லா வரும்.

நீங்க இப்போ என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரியுது.

சித்தி மகன் ஆன்றோகிட்ட புது சிம் ஒண்ணு இருந்தது. அந்த நம்பர் அம்மாவுக்குத் தெரியாது. அவன் வீட்டுப் பின்பக்கம், படகைக் கவுத்து வச்சிருக்கிற இடத்துல நின்னோம். அவன் மிக்சர் வாங்கின பிளாஸ்டிக் கவரைப் போன்கிட்ட கசக்கினான், காத்து மாதிரி. நான் ரெண்டு தடவை செருமிட்டு,

“லீலா, நான்தான். எஞ்சின் போச்சு. ஒரு தீவுல கரை ஏறிட்டோம். நாலு பேரும் நல்லாருக்கோம்.”

அம்மா அந்தப் பக்கம் மெதுவா, “உடுப்பு நனைஞ்சிருக்கா?” அப்படின்னு கேட்டாங்க.

நாலு நாளா மனசுக்குள்ள வச்சிருந்த கேள்வி அதுதான் போல.

“காஞ்சு போச்சு. நீ தின்னியா?”

“ம்.”

“பொய் சொல்லாத. போய்த் தின்னு. பின்ன பேசுதேன்.”

பின்ன பேசுதேன். அது அப்பா சொல்றது. அதை நான் யோசிச்சுச் சொல்லலை, தானா வந்தது. ஆன்றோ என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன இருக்கு, நான் இதுவரைக்கும் பண்ணினதிலேயே அதுதான் ரொம்பச் சுத்தம். ஒரு இடத்துலகூடப் பிசிறு இல்லை.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா சட்டியோட உட்கார்ந்து கஞ்சி குடிச்சுக்கிட்டிருந்தாங்க. கருவாட்டைச் சுட்டு வச்சுக்கிட்டு, அழுதுக்கிட்டே. இன்னொரு தடவை ஊத்திக்கிட்டாங்க. நான் கதவுகிட்ட நின்னு சிரிப்பை அடக்கிக்கிட்டு நின்னேன். பாயசம் குடிச்ச ஊரைக் குரலாண்டி பார்த்திருப்பானே, அப்படி. தின்ன வச்சுட்டேன்ல? யாராலயும் முடியாததை நான் பண்ணிட்டேன்ல?

அவ்வளவுதான் நினைச்சேன். அம்மா கை கழுவிட்டு நேராக் கோயிலுக்குப் போவாங்கன்னு நினைக்கவே இல்லை. சின்ன வயசுலேருந்து அந்தப் போர்டைப் பார்த்து வளர்ந்தவ நான். ஆனாலும் நினைக்கலை.

நேத்து காலையில பால் வாங்கப் போறப்போ பார்த்தேன். ‘விடிவெள்ளி’ மேல நீல மையில கோடு.

பக்கத்துல அம்மாவோட தோழி நிர்மலா அத்தை நின்னாங்க. அவங்க வீட்டு மாமாவும் அதே போட்டுலதான் போயிருந்தார். என் கன்னத்தைப் பிடிச்சு, “உங்கப்பன் போன் பண்ணாட்டா நாங்க செத்தே போயிருப்போம் பிள்ள” அப்படின்னாங்க. அவங்க பிள்ளைங்க தெருவுல பம்பரம் விட்டுக்கிட்டிருந்தது. நாலு வீட்டுலயும் உலை வச்சிருந்தாங்க. நாலு வீட்டு அடுப்புப் புகையும் எனக்குத் தெரிஞ்சது. என் ஒரு போனுக்கு.

தேடுற கப்பலைப் பத்திக் கேட்டேன். அது வடக்கே போயிடுச்சாம். மீதி ரெண்டு போட்டு அந்தப் பக்கம்தான் இருந்ததுன்னு யாரோ சொன்னாங்களாம். அப்பா எப்பவும் தெக்கே போறவர்.

பால் பாக்கெட்டை எங்க வச்சேன்னு இன்னும் தெரியலை.

உபதேசியார்கிட்ட ஓடினேன். அவர் மெழுகுதிரி ஸ்டாண்டைச் சுரண்டிக்கிட்டிருந்தார். “எங்கப்பா பேசலை, நான்தான் பேசினேன், கோட்டை அழிங்க” அப்படின்னேன்.

அவர் நிமிரவே இல்லை. “போ பிள்ள.”

“சத்தியமா உபதேசியாரே. அப்பா குரல்ல நான்தான்.”

“நேத்து உங்கம்மா மாதா முன்னாடி முட்டுப் போட்டு அழுததை நான் பார்த்தேன். நீ அதுலயும் வந்து விளையாடுதியா? பாவசங்கீர்த்தனம் வேண்டாம்னு மைக்ல சொன்னவதானே நீ?”

“விளையாடலை.”

“சரி. அப்போ உங்கப்பன் குரல்ல பேசு. இப்போ. எனக்கு முன்னாடி.”

செருமினேன். ரெண்டு தடவை செருமினேன். வாயைத் திறந்தேன்.

ஒண்ணும் வரலைக்கா. சாளை மாதிரி வாய் மட்டும் திறந்து மூடுது. நான் மறுபடியும் கேலி பண்றேன்னு அவர் நினைச்சுக்கிட்டார் போல, சுரண்டுற கத்தியை நீட்டிக் கதவைக் காட்டினார். பங்குச்சாமியார் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார், சாயங்காலம் வரைக்கும் வரலை.

அப்போதான் எனக்கு இந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. இதோ, பாயசத்துக்கு முன்னாடி பக்கம். எட்டுத் தடவையும் கண்ணால தாண்டிப் போன வரி, அப்பாவுக்கு வாசிக்கும்போதும் பாயசத்துக்கு அவசரப்பட்டு விட்டுட்டுப் போன வரி. இங்க விரல் வச்சிருக்கேன் பாருங்க, வாசிக்கிறேன். ‘பைக்குள் போன குரலின் சொந்தக்காரன், எங்கே இருந்தாலும் சரி, அந்த நொடி முதல் ஊமை. திருப்பித் தரும்வரை அவனால் யாரையும் கூப்பிட முடியாது.’

வியாழக்கிழமை மத்தியானம் நான் எடுத்தேன். இன்னிக்குச் சனி.

கதைதான், தெரியும். எவனோ ஒரு ஆள் வீட்டுல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டே எழுதினது. அப்படித்தான் நானும் எனக்குச் சொல்லிக்கிறேன். ஆனா அப்பா அங்க தண்ணியில நின்னுக்கிட்டுத் தூரத்துல போற கப்பலைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுறாரு. கண்ணை மூடினா அதான் தெரியுது. அதை நடிச்சுக் காட்டினவளே நான்தானே.

தண்ணியா? கொடுங்க.

முடிவு என்னன்னு கேட்கிறீங்களா? கடைசி அத்தியாயத்துல குரலாண்டிக்குப் பை கனக்கும், நடக்க முடியாது. ஒவ்வொரு வாசலாப் போய், ஏமாந்தவங்க முன்னாடி நின்னு, சொந்தக் குரல்ல, ‘உன்னை ஏமாத்தினது நான்’ அப்படின்னு சொல்லணும். சொன்னா அந்தக் குரல் பையிலேருந்து எழுந்து போயிடும். எல்லாத்தையும் கொடுத்துட்டுக் கடைசியாத் தன் அம்மா வீட்டுக் கதவைத் தட்டுவான். அவ உள்ளே இருந்துக்கிட்டே, “யாரது? இந்தக் குரலை நான் கேட்டதே இல்லையே” அப்படின்னு சொல்லித் தாழ்ப்பாள் போட்டுடுவா. அதோட புத்தகம் முடிஞ்சுடும். ஆன்றோவுக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும். நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டினா, வேணும்னே உள்ளே இருந்துக்கிட்டு, “யாரது”ம்பான்.

அவன்தான் நான் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்புல கையைப் பிடிச்சு இழுத்தான். “போகாத. ஆபீஸ்ல சொன்னா போலீஸ்ல கொடுப்பாங்க. சிம் என் பேர்ல இருக்கு.” நான் ஏறிட்டேன். “எப்படித் திருப்பிக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியும், பார்த்துக்க” அப்படின்னு கத்தினான்.

இது அம்மாவோட போன். எடுத்துட்டு வந்துட்டேன். அந்த நம்பருக்கு அம்மா நேத்து முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டிருந்தாங்க. ‘ஸ்விட்ச் ஆஃப்’ன்னு வர்றப்பல்லாம், சார்ஜ் இருக்காது பாவம், அப்படின்னாங்க. அதைப் பார்க்க முடியலை.

ஆபீஸ்ல எப்படிச் சொல்றதுன்னுதான் இரணியல் தாண்டினதிலேருந்து பார்த்துக்கிட்டு வர்றேன். “சார், என் பேர் டெல்பின்” வரைக்கும் வருது. அது சிஸ்டர் குரல்ல வருது. இல்லைன்னா நிர்மலா அத்தை குரல்ல வருது. என் குரல் எதுன்னே…

இருங்க. போன் அடிக்குது.

தெரியாத நம்பர்.

எடுக்கவா? எடுக்கிறேன்.

...

அக்கா. அக்கா, இதைப் பிடிங்க. நீங்க பேசுங்க. அப்பா குரல். ரெண்டு தடவை செருமினது. ‘லீலா’ங்கிறாரு. பின்னாடி காத்துச் சத்தம் வருது. மிக்சர் கவரா, காத்தான்னு எனக்குத் தெரியலை. ஆன்றோவுக்கும் அப்பா குரல் வரும், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என்னை ஆபீசுக்குப் போக விடாமப் பண்ண அவன் இதைப் பண்ணுவான். நம்பி இறங்கிட்டேன்னா நாலு பேரையும் யாரும் தேட மாட்டாங்க. நம்பாமப் போனை வச்சு, அது அப்பாவா இருந்தா?

ஒண்ணு கேளுங்க. அந்தக் கள்ளச்சாமி கதை எப்படி முடியுதுன்னு கேளுங்க. குரலாண்டியோட அம்மா கதவைச் சாத்தறான்னு சொன்னா, அது ஆன்றோ. உடனே வச்சுடுங்க. அப்பான்னா தெரியாதும்பாரு, அவர்தான் தூங்கிடுவாரே. கேளுங்கக்கா. நான் காதைப் பொத்திக்கிறேன், எனக்குக் கேட்கவே வேண்டாம்.

...

என்ன சொல்றாரு?

திட்டுறாரா? என்னன்னு? கொல்லத்துக்காரங்க போட்டு கட்டி இழுத்துட்டு வருது, சிக்னல் இப்பதான் வந்தது, கதை கேட்கிற நேரமாங்கிறாரா? அதெல்லாம் ஆன்றோவும் சொல்லுவான். கதையைக் கேளுங்க. விடாதீங்க.

...

பாயசமா?

பாயசத்தோட முடிஞ்சு போச்சேங்கிறாரா? ஊரே குடிச்சுட்டுத் தூங்கிச்சு, அதோட சுபம், நாலு வருஷமா அப்படித்தானே முடியுதுங்கிறாரா?

கொடுங்க. போனைக் கொடுங்கக்கா. இதை ஆன்றோவால சொல்ல முடியாது. என்னாலயே சொல்லியிருக்க முடியாது.

நாலு பேரும் இருக்காங்களான்னு நான் கேட்கிறேன். நீங்க அழாதீங்க, நானே அழலை.

அம்மாவைக் கூப்பிடுங்கிறாரு. ‘லீலா, லீலா’ங்கிறாரு. எனக்கு அம்மா குரல் அப்படியே வரும், தெரியுமா? ஒரு ‘ம்’ போதும், நம்பிடுவாரு. நிம்மதியாயிடுவாரு.

இல்லை. பண்ண மாட்டேன்.

அப்பா. அம்மா வீட்டுல இருக்காங்க. நான் பஸ்ல இருக்கேன். டெல்பின். நாலு பேரும் இருக்கீங்களா? நிர்மலா அத்தை வீட்டு மாமா? சரி. சரிப்பா. உடுப்பு நனைஞ்சிருக்கா?

இல்லப்பா, அழலை. சளியெல்லாம் பிடிக்கலை. யார் மாதிரியும் பேசலைப்பா. இது நான்தான், கேட்டுக்கிட்டே இருங்க. ஆபீசுக்குப் போய்க்கிட்டிருக்கேன். ஆமா, இப்பவும் போகத்தான் போறேன். முந்தாநேத்து உங்க போட்டு பேர் மேல ஒரு கோடு போட்டுட்டாங்க. அது யாரால விழுந்ததுன்னு முதல்ல உங்ககிட்ட சொல்லணும்.